ரஷ்ய இசைக்கல்வி: மூன்று படிகளும் அவற்றைத் தாங்கும் நடுப்படியும்

'ரஷ்ய முறையில் பியானோ' என்ற பேச்சு நம் ஊரிலும் அடிக்கடி காதில் விழுகிறது. சென்னை கே.எம். இசைக் கல்லூரியில் ரஷ்யன் பியானோ ஸ்டுடியோ என்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் பலர் மனதில் எழும் சித்திரம் தவறானது. சிலர் அது விரல் வைக்கும் ஒரு தனி விதம் என்று நினைக்கிறார்கள். வேறு சிலர், பால் மணம் மாறாத மேதைகளைப் பொறுக்கியெடுத்து நாள் முழுக்க வதைக்கும் கூடம் என்று நினைக்கிறார்கள்.

ரஷ்யாவின் இசைக்கல்வி ஊர் ஊராகப் பரவிய ஒரு பள்ளி அமைப்பு. அதில் சேரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இசைக்கலைஞர் ஆவதில்லை. அமைப்பும் அதைக் குறையாக எண்ணுவதில்லை. அது எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

தேர்வு வேறு, பள்ளி வேறு

நம் ஊரில் மேற்கத்திய இசை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிரேடு தேர்வுகள்தான். டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். ஆகியவை நடத்தும் இந்தத் தேர்வுகளைத் தட்டச்சில் லோயர், ஹையர் எழுதுவதோடு ஒப்பிடலாம். நீங்கள் எந்த இன்ஸ்டிடியூட்டில் பழகினாலும் சரி, தேர்வு நாளன்று வேகமும் சுத்தமும் இருந்தால் சான்றிதழ் கைக்கு வரும். தேர்வு நடத்துபவர் உங்களுக்குக் கற்றுத் தருவதில்லை.

ரஷ்யாவில் இருப்பது பள்ளி. சொந்தக் கட்டடம், சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள், வாரக் கால அட்டவணை, ஐந்துக்கு மதிப்பெண், செப்டம்பரில் தொடங்கி மே மாதத்தில் முடியும் கல்வியாண்டு என்று எல்லாம் அங்கே உண்டு. பிள்ளை காலையில் வழக்கமான பள்ளிக்குப் போகும். மதியத்துக்கு மேல் வாரத்தில் சில நாட்கள் இசைப்பள்ளிக்குப் போகும்.

படிகள் மூன்று. முதலாவது சிறார் இசைப்பள்ளி. 8 ஆண்டு, விரும்பினால் 9. இரண்டாவது இசைக் கல்லூரி. ஏறக்குறைய 4 ஆண்டு. பழைய பெயரான உச்சிலிஷே என்பதையே பலர் இன்றும் சொல்கிறார்கள். மூன்றாவது கன்சர்வேட்டரி, அதாவது இசைக்கான உயர்கல்வி நிறுவனம்; 5 ஆண்டு. ஆறரை, ஏழு வயதில் தொடங்கும் பிள்ளை மூன்று படிகளையும் கடந்தால் வெளியே வரும்போது வயது 24, 25 ஆகியிருக்கும்.

படிகள் மேலிருந்து கீழாகக் கட்டப்பட்டவை

வரலாறு சுருக்கமாகப் போதும். பியானோக் கலைஞர் ஆன்டன் ரூபின்ஸ்டைன் 1862இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியைத் தொடங்கினார். அவர் தம்பி நிக்கொலாய் 1866இல் மாஸ்கோவில் இன்னொன்றைத் தொடங்கினார். அதுவரை ரஷ்யச் சட்டத்தில் இசைக்கலைஞர் என்ற தகுதியே இல்லை. கன்சர்வேட்டரியில் தேறியவருக்குத்தான் 'சுதந்திரக் கலைஞர்' என்ற பட்டமும் அதோடு சட்டப்படியான அந்தஸ்தும் கிடைத்தன. 1865இல் பட்டம் பெற்ற இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி அடுத்த ஆண்டே மாஸ்கோவுக்கு ஆசிரியராகப் போனார்.

கன்சர்வேட்டரிகளை 1918இல் சோவியத் அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது. மூன்று அடுக்கு அமைப்பு 1920களில் வரையறுக்கப்பட்டது. பின்னர் சிறார் பள்ளிகள் நாடெங்கும் பெருகின. உக்ரைன், ஆர்மீனியா, அஜர்பைஜான், கஜக்ஸ்தான் போன்ற நாடுகளிலும் இதே ஏணியின் சாயலை இன்றும் காணலாம். சோவியத் காலத்தில் சிறார் பள்ளிப் படிப்பு பெரும்பாலும் 7 ஆண்டு. இன்றைய 8 ஆண்டுத் திட்டம் 2012இல் வந்த அரசு விதிமுறைகளின்படி நடக்கிறது.

முதல் படி: சிறார் இசைப்பள்ளி

சேர்க்கைக்கு ஒரு சிறு சோதனை உண்டு. பிள்ளை தனக்குத் தெரிந்த பாட்டு ஒன்றைப் பாட வேண்டும். ஆசிரியர் கைதட்டிக் காட்டும் தாளத்தைத் திருப்பித் தட்ட வேண்டும். பியானோவில் ஒலிக்கும் சுரத்தை வாயால் பாடிக் காட்ட வேண்டும். வாத்தியம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சேரும்போதே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று முன்தொழிற்கல்வித் திட்டம்: பின்னால் இசையைத் தொழிலாக்கக்கூடிய பிள்ளைக்கான முழுப் பாடத்திட்டம். ஆறரையிலிருந்து ஒன்பது வயதுக்குள் சேர்ந்தால் 8 ஆண்டு. பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் சேர்ந்தால் 5 ஆண்டு. மற்றொன்று பொது வளர்ச்சித் திட்டம்: மூன்று, நான்கு ஆண்டுகள், குறைவான பாடங்கள், ரசனைக்காகக் கற்பவருக்கானது. பெற்றோர் பலர் இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பிள்ளையை இரண்டாவதில் சேர்த்துவிடுகிறார்கள். பதினைந்து வயதில் கல்லூரிக்குப் போக ஆசை வரும்போது பிள்ளையின் கையில் போதிய பாடம் இருக்காது.

வாத்தியத்தைப் பொறுத்துத் தொடங்கும் வயதும் மாறும். வயலினும் பியானோவும் சிறு வயதிலேயே தொடங்குபவை. வயலினை எட்டில் ஒன்று, கால், அரை, முக்கால் என்று கைநீளத்துக்கு ஏற்ற அளவுகளில் மாற்றிக்கொண்டே போவார்கள். புல்லாங்குழல், டிரம்பெட் போன்ற ஊதுகருவிகளுக்கு முன்பற்கள் விழுந்து நிலையான பற்கள் முளைத்திருக்க வேண்டும். அதனால் ஒன்பது, பத்து வயது வரை காத்திருப்பது வழக்கம். தனிக்குரல் பயிற்சியைத் தொழில்முறையில் எடுப்பது குரல் உடைந்து நிலைபெற்ற பிறகுதான். அதுவரை கூட்டுப்பாடல் உண்டு.

பியானோ மாணவர் ஒருவரின் வாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியரோடு தனியாக உட்காரும் முதன்மை வாத்திய வகுப்பு வாரம் இரண்டு பாடவேளை. மேல்வகுப்பில் அரை வேளை கூடும். ஒரு பாடவேளை என்பது 40, 45 நிமிடம். இதற்கு மேல் கூட்டுப்பாடல், இன்னொருவரோடு சேர்ந்து வாசித்தல், சொல்ஃபேஜியோ எனும் காதுப் பயிற்சி, முதல் மூன்று ஆண்டு இசை கேட்டல், நான்காம் ஆண்டிலிருந்து இசை இலக்கியம்.

'இசை இலக்கியம்' என்ற பெயர் நம்மைக் குழப்பலாம். அது இசைப் படைப்புகளையும் படைப்பாளர்களையும் காதால் அறியும் பாடம். ஆசிரியர் ஒரு சிம்பொனியின் நடுவிலிருந்து அரை நிமிடம் ஒலிக்கவிடுவார். யாருடையது, எந்தப் படைப்பு, அதில் எந்தப் பகுதி என்று மாணவர் எழுத வேண்டும். வாழ்க்கை வரலாற்றை மட்டும் மனப்பாடம் செய்து வந்த பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும்.

சொல்ஃபேஜியோ: ஏட்டில் ஏறிய கேள்வி ஞானம்

இந்த அமைப்பில் ஒரே ஒரு வகுப்பை எட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் இதைத்தான் பார்க்க வேண்டும். சொல்ஃபேஜியோ என்பது சுரக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் பாடவும், காதில் விழுந்ததைச் சுரக்குறிப்பாக எழுதவும் பழக்கும் பாடம். நாம் கேள்வி ஞானம் என்கிறோமே, அதைத் தற்செயலுக்கு விடாமல் எட்டு ஆண்டுப் பாடத்திட்டமாக ஆக்கியிருக்கிறார்கள். முதலாண்டில் வாரம் ஒரு பாடவேளை, பிறகு ஒன்றரை.

பாடும்போது பிள்ளையின் வலது கை சும்மா இருக்காது. இரண்டு எண்ணிக்கைத் தாளத்துக்குக் கீழே, மேலே; மூன்றுக்குக் கீழே, வெளியே, மேலே; நான்குக்குக் கீழே, உள்ளே, வெளியே, மேலே. ஆதி தாளத்தைத் தொடையில் போட்டுக்கொண்டு வர்ணம் பாடிப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. நமக்கு 'ஸ' நகரக்கூடியது. ஒரு கட்டையில் பாடுபவருக்கும் ஐந்து கட்டையில் பாடுபவருக்கும் அவரவர் ஆதாரசுருதியே ஸட்ஜம். ரஷ்யாவில் 'தோ' நகராது. நம் கணக்கில் ஒரு கட்டைச் சுரம் எதுவோ அதுவே எப்போதும் 'தோ'. அப்படியானால் சுரங்களுக்கு இடையிலான உறவைக் காது எப்படிப் பிடிக்கும்? அதற்காகச் சுரத்தின் பெயரோடு அதன் படிநிலை எண்ணையும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். முதல், மூன்றாம், ஐந்தாம் சுரங்கள் நிலைத்தவை. மற்றவை பக்கத்துச் சுரத்தில் போய் அமரத் துடிப்பவை. ஏழாம் சுரம் மேலே முதலாவதை நோக்கி இழுக்கும். நிஷாதத்தில் நிறுத்தினால் மேல் ஸட்ஜத்துக்கு மனம் தாவுவதை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

பிள்ளைகள் அதிகம் பயப்படுவது டிக்டேஷனுக்கு. நாம் பள்ளியில் எழுதிய 'சொல்வதெழுதுதல்'தான் இது, சொல்லுக்குப் பதில் மெட்டு. மேல்வகுப்பில் வழக்கமான நீளம் எட்டு பார். பார் என்பது ஒரு தாள வட்டம். ஆசிரியர் முதலில் ஆதார சுருதிக் கூட்டை வாசித்துக் காதைப் பதப்படுத்துவார். பிறகு மெட்டை முழுவதுமாக வாசிப்பார். இடைவெளி விட்டு விட்டு எட்டு முதல் பத்து முறை வாசிப்பார். எல்லாம் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

எங்கே தவறுகிறது? முதல் தடவை கேட்கும்போதே பென்சிலை எடுப்பதில். இரண்டாவது சுரத்தை எழுதும் கணத்தில் ஐந்தாவது சுரம் காதைக் கடந்து போயிருக்கும். நல்ல ஆசிரியர் முதல் இரண்டு முறையும் பென்சிலைத் தொடவிடமாட்டார். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது, ஐந்தாவது பாரில் முதல் பாரின் மெட்டே திரும்பியதா என்று முதலில் கேட்பார். அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் பாதி டிக்டேஷன் முடிந்த மாதிரி. மெட்டைத் தலைக்குள் பாடிப் பார்த்துவிட்டு எழுதினால் மீதி தானாக வரும்.

வியப்பான இன்னொன்றும் உண்டு. ஒலியைக் கேட்டதும் பெயர் சொல்லும் பிறவிக் காது கொண்ட பிள்ளைகள் இந்த வகுப்பில் சில சமயம் பின்தங்குகிறார்கள். அவர்கள் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பிடித்துவிடுவதால் சுரங்களுக்கு இடையிலான இழுவையைக் கேட்கவே பழகுவதில்லை. மெட்டை வேறு சுருதிக்கு மாற்றச் சொன்னால் தடுமாறுவார்கள். காது கூர்மையானது என்று சொல்லி எந்தப் பிள்ளைக்கும் விலக்குத் தராமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: முதல் படியில் வாத்தியம் ஒரு பாதி, காது மறுபாதி. இறுதித் தேர்வு முதன்மை வாத்தியம், சொல்ஃபேஜியோ, இசை இலக்கியம் மூன்றிலும் நடக்கும். நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கும் மற்ற இரண்டில் சலுகை கிடையாது.

முதல் படியின் தேர்வுகளும் சிக்கல்களும்

ஆண்டு முழுக்கப் பிள்ளையைச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். வாசிப்பு நுட்பத் தேர்வில் ஆரோகண அவரோகணங்களும் விரல்பயிற்சிப் படைப்பும் வாசிக்க வேண்டும். அகாடமிக் கச்சேரி என்பது ஆசிரியர் குழு முன்னிலையில் மனப்பாடமாக வாசித்து மதிப்பெண் பெறுவது. ஆண்டிறுதித் தேர்வுக்கு ஒரு பியானோ மாணவர் கொண்டுபோவது பெரும்பாலும் நான்கு உருப்படிகள்: பல மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும் பாக்கின் பலகுரல் படைப்பு ஒன்று, ஹேடனோ மொசார்ட்டோ எழுதிய சொனாட்டாவின் ஒரு பகுதி, செர்னியின் பயிற்சி ஒன்று, சிறிய பாட்டு போன்ற ஓர் உருப்படி.

இந்த நான்கும் நான்கு வேறு திறன்களைக் கேட்பவை என்பதால் திட்டம் அருமையானது. ஆனால் ஆபத்தும் அதற்குள்ளேயே இருக்கிறது. தேர்வுக் குழுவைக் கவர வேண்டும் என்று பிள்ளையின் கைக்கு மீறிய படைப்பைக் கொடுத்து, அந்த நான்கையே ஆண்டு முழுவதும் உருப்போட வைக்கும் ஆசிரியர்கள் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளையின் மணிக்கட்டும் தோளும் இறுகிப்போகும். மேடையில் நன்றாக வாசிக்கும். ஆனால் தெரியாத ஒரு எளிய பாட்டுத் தாளைக் கொடுத்தால் நான்கு வரி தாண்டாது. முதன்மை வாத்தியப் பாடத்தின் பெயரிலேயே 'பார்த்து வாசித்தல்' சேர்க்கப்பட்டிருப்பது இந்த நோய்க்கு மருந்தாகத்தான்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் பள்ளிப் பாடச் சுமை ஏறும்போது நிறையப் பேர் விலகுகிறார்கள். ஓராண்டு, இரண்டாண்டு பாக்கி இருக்கும்போது விடுவதுதான் பெரிய இழப்பு, ஏனென்றால் சான்றிதழ் எட்டாம் ஆண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் கிடைக்கும்.

எட்டு முடித்தவர்களில் தொழிலாக எடுக்க நினைப்பவர்கள் மட்டும் ஒன்பதாம் ஆண்டு தங்குகிறார்கள். அந்த ஆண்டு கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான தயாரிப்பு. பொதுப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடிவதும் அதே நேரத்தில்தான். இரண்டு கடிகாரமும் ஒன்றாக மணியடிக்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

நடுப்படி: வெளியார் கண்ணில் படாத கல்லூரி

ரஷ்ய இசை பற்றிப் பேசுபவர்கள் சிறார் பள்ளியைப் புகழ்வார்கள், மாஸ்கோ கன்சர்வேட்டரியைப் புகழ்வார்கள். நடுவில் இருக்கும் கல்லூரியை மறந்துவிடுவார்கள். அமைப்பு முழுவதும் நிற்பது அதன் தோளில்.

பதினைந்து, பதினாறு வயதில் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்கிறார்கள். தனி வாசிப்போடு சொல்ஃபேஜியோ டிக்டேஷனும் அந்தத் தேர்வில் உண்டு. படிப்புக் காலம் 3 ஆண்டு 10 மாதம். பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பொதுப்பாடங்களும் அதற்குள்ளேயே அடக்கம். நம் ஊர் பாலிடெக்னிக் போல. இசைப் பாடங்களில் ஹார்மனி எனும் சுரக்கூட்டு இயலும் படைப்புப் பகுப்பாய்வும் சேர்கின்றன.

முடிப்பவருக்குக் கிடைக்கும் தகுதியின் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும்: 'கலைஞர், ஆசிரியர், கொன்செர்ட்மைஸ்டர்'. கடைசிச் சொல்லுக்கு ரஷ்யாவில் பக்கவாத்தியம் வாசிக்கும் பியானோக் கலைஞர் என்று பொருள். பத்தொன்பது, இருபது வயதில் மூன்று வேலைக்கும் ஒருவரைத் தகுதியாக்கி அனுப்புகிறார்கள்.

ஆசிரியர் தகுதி வெறும் ஏட்டுப்படிப்பால் வருவதில்லை. பி.எட். மாணவர்கள் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போவார்கள் அல்லவா? இங்கே பள்ளியே கல்லூரிக்குள் இருக்கிறது. கற்பித்தல் பயிற்சிப் பிரிவில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள். ஒவ்வொரு கல்லூரி மாணவரிடமும் ஒரு பிள்ளை ஒப்படைக்கப்படும். அவர் பாடம் நடத்துவார். மூத்த ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பார். பிள்ளை போன பிறகு திருத்தம் தொடங்கும். பிள்ளையின் தோள் தூக்கியிருந்ததைக் கவனித்தாயா, ஒரே நேரத்தில் மூன்று தவறைச் சொன்னால் அது எதைத் திருத்தும் என்பது போன்ற கேள்விகள் வரும். கற்பித்தல் திறனும் இறுதித் தேர்வில் சோதிக்கப்படும்.

பக்கவாத்தியப் பயிற்சியும் இதே போலத்தான். பியானோ மாணவர் பாடகரோடு வாசித்துப் பழக வேண்டும் என்றால் பாடகர் வேண்டுமே? அதற்காகவே 'இல்லஸ்ட்ரேட்டர்' என்ற பணியிடம் இருக்கிறது. மாணவர் வாசிக்க, உடன் பாடுவதற்கோ வயலின் வாசிப்பதற்கோ சம்பளம் பெறும் கலைஞர்.

இந்தப் பயிற்சி எதற்குப் பயன்படுகிறது என்பதைச் சிறார் பள்ளிக்குத் திரும்பிப் போனால் காணலாம். எட்டு வயது வயலின் மாணவிக்கும் அங்கே சம்பளம் பெறும் பக்கவாத்தியக்காரர் உண்டு. கச்சேரி நாளன்று மட்டும் வருபவர் இல்லை. பாட வகுப்பிலேயே உட்கார்ந்து வாசிப்பவர். குழந்தை தொடக்கத்திலிருந்தே தனக்குக் கீழே ஒலிக்கும் சுரக்கூட்டைக் கேட்டபடி சுருதி சேர்க்கப் பழகுகிறது.

சுருக்கமாக: நடுப்படி மேலே கன்சர்வேட்டரிக்கு மாணவர்களை அனுப்புகிறது, கீழே சிறார் பள்ளிக்கு ஆசிரியர்களையும் பக்கவாத்தியக்காரர்களையும் அனுப்புகிறது. சிறு நகரத்துப் பள்ளியிலும் பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். சிறார் பள்ளியை மட்டும் நகலெடுத்தால், அங்கே பாடம் நடத்த ஆளிருக்காது.

விதிவிலக்கு: சிறப்பு இசைப்பள்ளிகள்

மேதைகளைப் பொறுக்கியெடுக்கும் பள்ளி என்ற பேச்சு முழுக்கப் பொய்யுமில்லை. 1930களில் மாஸ்கோ, ஒடெசா, லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஆகிய நகரங்களில் திறன்மிக்க பிள்ளைகளுக்கென்று சிறப்புப் பள்ளிகள் தோன்றின. மாஸ்கோவின் மத்திய இசைப்பள்ளியும், ஒடெசாவில் வயலின் ஆசிரியர் ஸ்தொலியார்ஸ்கியின் பெயரால் அமைந்த பள்ளியும் அவற்றில் புகழ்பெற்றவை. பொதுப்பாடமும் இசையும் ஒரே கட்டடத்தில் நடக்கும். முதல் படியும் நடுப்படியும் ஒன்றாக இணைந்திருக்கும். அங்கிருந்து நேரே கன்சர்வேட்டரிக்குப் போகலாம்.

இவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. சர்வதேசப் போட்டிகளில் பரிசு வாங்குவோரில் பலர் இங்கிருந்து வருவதால் வெளிநாட்டார் கண்ணில் இவை மட்டுமே படுகின்றன.

மூன்றாம் படி: கன்சர்வேட்டரி

நுழைவுத் தேர்வில் தனி வாசிப்பு, சொல்ஃபேஜியோவும் சுரக்கூட்டு இயலும், கலை பற்றிய நேர்காணல் ஆகியவை இருக்கும். உள்ளே வந்தபின் மாணவரின் முகவரி ஒரு பேராசிரியரின் 'வகுப்பு'தான். நம் குருகுலத்தின் சாயல் இங்கே கொஞ்சம் தெரிகிறது. இன்னாரிடம் படித்தவர் என்பது ஆயுளுக்கும் கூடவே வரும். பியானோக் கலைஞர் ஸ்வியத்தொஸ்லாவ் ரிக்டர் என்றதும் அவருடைய ஆசிரியர் நெய்ஹவுஸின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள் அல்லவா?

ஆனாலும் தனி வாசிப்பு ஒன்றை வைத்துப் பட்டம் வாங்கிவிட முடியாது. பியானோ மாணவர் தனிக் கச்சேரியோடு சிறுகுழு இசையிலும் பக்கவாத்தியத்திலும் தேற வேண்டும். அதன் பின் விரும்புபவருக்கு 2 ஆண்டு உதவிப் பயிற்சிக் காலம் உண்டு. நம் முதுநிலைப் பட்டத்துக்கு அடுத்த நிலை போன்றது. பேராசிரியரின் வகுப்பிலேயே இருந்து கச்சேரியும் கற்பித்தலும் பழகுவார்கள்.

முடித்தவர்கள் எங்கே போகிறார்கள்? தனிக் கலைஞராக மேடையில் நிலைப்பவர்கள் வெகு சிலர். மற்றவர்கள் சிம்பொனி இசைக்குழுக்களிலும் ஓபரா அரங்குகளிலும் இடம்பிடிக்கிறார்கள், அல்லது பக்கவாத்தியம் வாசிக்கிறார்கள். கணிசமானோர் நடுப்படிக்கே ஆசிரியராகத் திரும்புகிறார்கள். செப்டம்பர் பிறந்ததும், பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு எட்டு பார் மெட்டை முதல் முறை வாசிக்கத் தொடங்குகிறார்கள்.